வில்லுக்கத்தி

மில்லிக்கன், ஸ்காபரோ
12.03.95

என் அன்பின் அத்தானுக்கு,

மாதாவின் துணையால் இந்த இருமலைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பேஸ்மன்ற் படியிலேயே இருந்து வாசித்தேன். நான்கு பக்கம். அதில் முக்கால்வாசியும் கத்தி. கடைசியில் "உமது இருமல் எப்படி?" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக அமெரிக்காவில் செய்த கத்தி எல்லாவற்றையும் நான் வாசித்து முடிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

வீட்டுக்காரி கிளடிஸ் அன்ரி மேலேயிருந்து எட்டிப்பார்த்து, "என்ன பிள்ளை, மனுசன் என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டா. நான் என்ன சொல்ல? "பென்சில்வேனியாவிலை செய்த கத்தி நல்லதாம் அன்ரி" என்றேன். அவ சிலுவை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டா.

தொலைபேசி எடுத்தால் இரண்டு பேரும் அழுது முடிக்கவே நேரம் சரியாகிவிடுகிறது, கடிதமே எழுதுங்கள் என்று சொன்னவள் நான்தான். அதற்காகக் கத்தியா?

நல்ல செய்திக்கு வருகிறேன். ஒரே ஏஜென்சிக்காரனை நம்பி ஒன்றாக வெளிக்கிட்டவர்களில் என்னை ரொறன்ரோவிலும் உங்களை நியூயோர்க்கிலும் இறக்கிவிட்டு அவன் போன நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது நடக்கப் போகிறது. உங்களை நான் கனடாவுக்குப் பொறுப்பேற்கும் விண்ணப்பத்துக்கு நேர்முகம் வைத்திருக்கிறார்கள். மே மாதம், பஃபலோவில் இருக்கிற கனடாத் தூதரகத்தில். எங்கள் கலியாணம் உண்மையான கலியாணம் என்று காட்ட வேண்டுமாம். படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. ஆனபடியால் நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களைத் தரும்படி லோயர் கேட்டார், மொழிபெயர்த்து அனுப்புவதற்கு. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பிய சின்னக் கத்தி வேலையில் பெட்டி வெட்ட நன்றாக உதவுகிறது. பக்கத்தில் நின்று வேலை செய்யும் கௌசிக்கு அதன்மேல் ஒரு கண். ஆனாலும் சொல்கிறேன், கத்தி போதும். ஆளை அனுப்புங்கள்.

அன்புடன்,
மலர்


பென்சில்வேனியா
27.03.95

அன்புள்ள மலருக்கு,

உமது இருமல் எப்படி? இம்முறை முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன்.

கோபிக்காதேயும், இனிக் கத்திதான். இந்த ஊரில் என்னோடு நாலு பேர் கதைக்கிறார்கள் என்றால் அது இந்தக் கத்தியால்தான். முதல் வருடம் முழுக்க, நான் வேலை செய்கிற இடத்துக்குப் பெற்றோல் அடிக்க வருகிற, சோளம் விதைக்கிற கமக்காரர்கள் என் முகத்தைப் பாராமலே போவார்கள். ஒருநாள் ஒரு பெட்டியைப் பூட்டுத் திறப்பால் குத்திக் குடைந்துகொண்டு நின்றேன். ஹரல்ட் என்கிற கமக்காரர் தன் வில்லுக்கத்தியை எடுத்து நீட்டினார். மடித்தபடிதான் நீட்ட வேண்டும், அது இவர்களின் மரியாதை. வாங்கி, விரித்து, நல்லது என்று ஒரு சொல் சொல்லி, மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது வருகிறவர்கள் எல்லாம் "இண்டைக்கு எதைக் கொண்டுவந்தனி அல்?" என்று கேட்கிறார்கள். அல்பேட் என்று முழுக்கச் சொல்ல அவர்களுக்குப் பஞ்சி.

தினமும் கொண்டு திரிய ஒன்றைத் தெரிந்தெடுப்பது லேசான காரியம் இல்லை. பெரிதாக இருந்தால் காற்சட்டையைக் கீழே இழுக்கும். துருப்பிடிக்காத உருக்கு பார்வைக்கு நல்லது, ஆனால் தீட்டும்போது அடம்பிடிக்கும். பழைய கார்பன் உருக்கு ஓர் அப்பிள் வெட்டினாலே நீலம் பூத்துவிடும், என்றாலும் அதன் கூரே கூர். மடிக்கும்போது வில்லு 'டக்' என்று பேச வேண்டும். பேசாத கத்தியை நான் வாங்குவதில்லை. உமக்கு அனுப்பிய சின்னதை இங்கே கச்சான் கடலை என்று சொல்லுவார்கள், அவ்வளவு சின்னது என்பதால். உமது கைக்கு அதுதான் அளவு என்று கடையில் நின்று கண்ணை மூடி உமது கையை நினைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

போன கிழமை ஒன்று கிடைத்தது. அலகின் அடியில் குத்தியிருக்கிற புள்ளிகளைக்கொண்டு எந்த வருடம் செய்தது என்று சொல்லலாம். இது எங்கள் கலியாண வருடம். பிடி எலும்பு, நீர் இரண்டாம் நாள் உடுத்திய சேலையின் மாம்பழ நிறம். அதை வேலைக்குக் கொண்டுபோவதில்லை.

காலையில் கத்திகள் அடுக்கிய மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, இன்றைக்கு எது என்று கொஞ்ச நேரம் நிற்பேன். மலர், இந்த ஊர், இந்த அறை, இந்த வேலை எல்லாம் யாரோ தெரிந்தெடுத்து என் தலையில் கட்டியது. நானாகத் தெரிந்தெடுப்பது இது ஒன்றுதான்.

உமது
அல்பேட்


மில்லிக்கன்
02.05.95

அன்பின் அத்தான்,

அவசரமாக எழுதுகிறேன், ஸ்ரீல்ஸ் வீதி பஸ் வந்துவிடும். நேர்முகத்துக்கு வெள்ளைச் சேட்டுப் போடுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க அரைநாள், திறந்தால் மூட ஒருநாள்.

கட்டில் வாங்கிவிட்டேன். இரட்டைக் கட்டில். கௌசியின் தமையன் தன் வான் வண்டியில் கொண்டுவந்தார். படியால் இறங்கமாட்டேன் என்று நின்றது, கதவைக் கழற்றித்தான் இறக்கினோம். இப்போது அறையில் நடக்க இடமில்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகிறேன். சுவர்ப்பக்கம் உங்களுக்கு. நான் இப்போதே ஓரத்தில்தான் படுக்கிறேன்.

மலர்


பென்சில்வேனியா
19.05.95

அன்புள்ள மலர்,

ஒளிக்காமல் எழுதுகிறேன். நேர்முகம் பிழையாய்ப் போய்விட்டது.

மொழிபெயர்க்க வந்தது ஒரு சென்னைப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. அதிகாரி உமது பிறந்த திகதி, கலியாணம் நடந்த கோவில் எல்லாம் கேட்டார், சரியாகச் சொன்னேன். பிறகு என் கடிதங்களின் மொழிபெயர்ப்பை எடுத்து முன்னால் வைத்து, பக்கம் பக்கமாகக் கத்தி இருக்கிறது, இதில் உன் மனைவி எங்கே என்று கேட்டார். நான் விளங்கப்படுத்த வெளிக்கிட்டேன். "வில்லுக்கத்தி சேர்க்கிறனான் பிள்ளை. எப்பவும் ஒண்டு பொக்கற்றிலை இருக்கும்" என்றேன்.

"வில்லுன்னா என்னங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"ஸ்பிறிங்" என்றேன். பொய்யா சொன்னேன்? வில்லு இல்லாமல் கத்தி மடியுமா? அந்தப் பிள்ளை அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி பேனையை வைத்துவிட்டார். பொத்தானை அமத்தினால் பாய்ந்து விரிகிற ஒரு சாதிக் கத்தி இருக்கிறது. கனடாவில் அதை வைத்திருப்பதே குற்றம். அவர் நினைத்தது அதை. நான் "இல்லை ஐயா, இல்லை" என்று சொல்லிக்கொண்டே, காட்டினால் விளங்கும்தானே என்று பொக்கற்றுக்குள் கையை விட்டேன்.

நல்ல காரியம் என்று அந்த மாம்பழ நிறக் கத்தியை அன்றைக்குத்தான் கொண்டுபோயிருந்தேன். அதை விரிக்கவேயில்லை மலர். அவர் கதிரையோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார். காவலாளி ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது.

இன்னும் விசாரிக்க வேண்டுமாம். விளக்கம் எழுதி அனுப்பிவிட்டு செப்ரெம்பரில் திரும்பவும் வரட்டாம். நான் போகமாட்டேன். ஊரில் ஆமிக்காரனின் துவக்கைக் கண்டு சுவரோடு ஒதுங்கி நின்றவன் நான். என்னைக் கண்டு ஒரு மனிதன் சுவரோடு ஒதுங்கினதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த முகத்துக்கு முன்னால் இன்னொருமுறை போய் இருக்க என்னால் ஏலாது. கட்டிலை வேண்டுமானால் விற்றுவிடும்.

அல்பேட்


மில்லிக்கன்
04.06.95

இஞ்சாருங்கோ,

கட்டிலை விற்கச் சொல்ல நீங்கள் யார்? அது என் கட்டில்.

பேனாக்கத்தி என்று ஒரு சொல் தமிழில் இல்லையா? அதைச் சொல்லியிருந்தால் இந்த வில்லங்கமே வந்திராது. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. அடுத்தநாள் அரைநாள் லீவு போட்டு, அந்தக் கச்சான் கத்தியைக் கொண்டுபோய் லோயரின் மேசையில் வைத்தேன். "திறவுங்கோ பாப்பம்" என்றேன். நகத்தால் இழுத்து இழுத்துப் பார்த்து மனுசன் நகத்தை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். "இது பாய்ந்து விரியிற கத்தியெண்டால் என்ரை கார்க் கதவும் ஆயுதம்தான்" என்றார். விளக்கம் அவர் எழுதுகிறார், நீங்கள் கையெழுத்து வைத்தால் போதும். கத்திகளை விட்டுவிட்டு வரச் சொல்லி நான் கேட்கமாட்டேன். லாச்சியோடு கொண்டுவாருங்கள்.

இதில் மனைவி எங்கே என்று அவர் கேட்டாராம். என்னிடம் கேட்டிருக்க வேண்டும். கத்தி காற்சட்டையைக் கீழே இழுக்கிறது என்று எழுதினால் நீங்கள் மெலிந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பிள் வெட்டினேன் என்றால் அன்றைக்கு இராச்சாப்பாடு அப்பிள்தான் என்று தெரியும். புதுக்கத்தி வாங்கினேன் என்றால் அந்தக் கிழமை தனிமை தாங்க முடியாமல் போயிருக்கிறது என்று தெரியும். அந்தக் கடிதங்களில் நான் இல்லாத ஒரு வரியைக் காட்டச் சொல்லுங்கள் அவரை.

அத்தான், எனக்கு உங்களைக் காண வேண்டும். பெட்டி வெட்டும்போதும் பஸ்ஸில் இருக்கும்போதும் அதே நினைப்புத்தான். உங்கள் குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது, முகம்தான் கலங்கிக்கொண்டு போகிறது. நெற்றித் தழும்பு வலப்பக்கமா இடப்பக்கமா என்று முந்தநாள் யோசித்து யோசித்துப் பயந்துபோனேன்.

எனக்கு அமெரிக்க விசா தரமாட்டோம் என்றுவிட்டார்கள். நீங்கள் எல்லைப் பாலத்தைத் தாண்டி வந்தால் விண்ணப்பம் பாழ் என்கிறார் லோயர். ஆனால் ஆற்றங்கரையில் நிற்பதற்கு ஒருவரும் விசா கேட்பதில்லை. நயாகராவில் பாலத்துக்குக் கிட்ட ஆறு ஒடுங்கிய இடத்தில் அக்கரை ஆட்கள் தெரிவார்களாம். கௌசி காரில் கூட்டிப்போவாள். ஜூலை முதல் ஞாயிறு மத்தியானம், நான் இந்தப் பக்கம் சிவப்புச் சேலையோடு நிற்பேன். வாருங்கள். வராவிட்டால் செப்ரெம்பரைப் பற்றி நான் இனி ஒரு சொல் கேட்கமாட்டேன்.

மலர்


பென்சில்வேனியா
15.06.95

அன்புள்ள மலருக்கு,

தழும்பு இடப்பக்கம்.

வருகிறேன். ஹரல்ட் கூட்டிக்கொண்டு வருவார். உமக்குச் சிவப்புச் சேலை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? அவ்வளவு தூரத்தில் ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தெரிவோம். கத்தி ஒன்றைத் துலக்கி வைத்திருக்கிறேன். விரித்து வெயிலுக்குப் பிடித்துத் திருப்புவேன். மின்னுகிற இடத்தில் நான் நிற்பேன்.

செப்ரெம்பரைப் பற்றி இப்போது கேட்காதேயும்.

அல்பேட்


மில்லிக்கன்
03.07.95

என் அன்பின் அத்தானுக்கு,

கண்டேன்! வேலைக்குப் போக முதல் இதை எழுதிப் போட்டுவிட்டுத்தான் போவேன்.

என்ன சனம் அந்தப் பக்கம்! எல்லோரும் கடுகு கடுகாய்த் தெரிந்தார்கள். நீங்கள் வரவில்லை என்றே நினைத்துவிட்டேன். கௌசி "போவம் அக்கா" என்று இரண்டுதரம் சொல்லிவிட்டாள். அப்போதுதான் வலப்பக்கத்தில், மரத்தடியில், பளிச்சென்று ஒரு மின்னல். பிறகு இன்னொன்று. நின்று நின்று மின்னியது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். நீங்கள் விடாமல் மின்னினீர்கள், நானும் விடாமல் காட்டினேன். "அக்கா, காணும் நிப்பாட்டுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றாள் கௌசி. பார்க்கட்டும். என் மனுசனுக்குத்தானே கை காட்டினேன்.

முகம் தெரியவில்லை. என்றாலும் திரும்பி வரும்போது காரில் வயிறாரச் சாப்பிட்டவள் மாதிரி நித்திரை கொண்டுவிட்டேன். செப்ரெம்பரைப் பற்றி நான் கேட்கவில்லை. நீங்களாக எழுதுங்கள்.

உங்கள்
மலர்


பென்சில்வேனியா
10.07.95

என் அன்புள்ள மலர்,

செப்ரெம்பரில் போகிறேன். விளக்கத்தில் கையெழுத்து வைத்து லோயருக்கு அனுப்பிவிட்டேன். அந்த அதிகாரி எவ்வளவு பின்னால் போனாலும் நான் எழும்பமாட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. நீர் கண்ட மின்னல் நான் இல்லை. கத்தியை எடுத்துப் பாதி விரித்தேன். பக்கத்தில் நின்ற மனிதர் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். அவ்வளவுதான், மடித்து உள்ளே வைத்துவிட்டேன். பிறகு கை அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டது.

கரையில் தூண் ஒன்றில் தூரக்கண்ணாடி பூட்டியிருந்தார்கள். அதற்குள்ளால் உம்மைக் கண்டேன். முகம் வடிவாகத் தெரிந்தது. நீர் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினீர், ஆனால் என் பக்கம் பார்த்து இல்லை. எங்கே பார்க்கிறீர் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் ஒரு தாய், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றா. வண்டியில் கட்டியிருந்த வெள்ளிப் பலூன் காற்றுக்குத் திரும்பித் திரும்பி மின்னியது.

ஹரல்ட் பின்னால் கூப்பிடக் கூப்பிடச் சனத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். ஓடிப்போய் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தத் தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. நான் விலகவில்லை. நீர் கையை இறக்கும்வரை, நீர் கை காட்டிய இடத்தில்தான் நின்றேன்.

உமது
அல்பேட்