ஒப்பீட்டுப் பாட்டில்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பாட்டிலை மூன்று முறை அலசி, குமிழ் இல்லாமல் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். கூடவே விவரம் எழுதி வைக்காவிட்டால் உங்கள் ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் இந்தக் கடிதம். போனில் கேட்டால் நீ பாடம் எடுப்பாய் என்பதும் ஒரு காரணம்.

இடம்: எங்கள் அடுக்குமாடியின் மோட்டார் அறை, ஆழ்குழாய். நேரம்: காலை ஆறு மணி.

ஆறு வருஷத்துக்கு முன் வீடு வாங்கியபோது இங்கே எங்கள் கட்டடம் ஒன்றுதான். இப்போது பதினொன்று. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக்காரர் பல் தேய்ப்பது தெரிகிறது. பேருந்து வந்தது, வங்கி வந்தது, சாக்கடை மட்டும் "அடுத்த வருஷம்". குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை. "உங்க அக்கா தண்ணி ஆபீஸ்லதானே இருக்காங்க, கேட்டுச் சொல்லுங்க சார்" என்று குடியிருப்பவர்கள் நச்சரிக்கிறார்கள். சங்கச் செயலாளர் பதவியை என் தலையில் கட்டியதே அதற்குத்தான் போலிருக்கிறது.

தனியாகத்தானே இருக்கிறோம் என்று சாப்பிடாமல் இருந்துவிடாதே.

அன்புத் தம்பி


மார்ச் 9

சின்னவனுக்கு,

நைட்ரேட் இருக்கலாம் என்ற அளவைப்போல் மூன்று மடங்கு. பதினொரு கட்டடத்துக் கழிவும் மண்ணில் இறங்கி உங்கள் ஆழ்குழாய்க்குள் வருகிறது. இது நிறத்திலும் சுவையிலும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இதில் பால்மாவு கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் உடம்பு நீலம் பாய்ந்துவிடும், உயிரும் போகலாம். அறிக்கையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டு.

வாங்கும்போதே சொன்னேன் என்று எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். நீ வந்து இரண்டு வருஷமாகிறது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அறிக்கையை ஒட்டினேன். அரை மணி நேரத்தில் யாரோ கிழித்துவிட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் படிக்கட்டில் மறித்து, "உங்கக்கா படிச்ச படிப்புக்கு எங்க வீடுதானா கெடச்சுது?" என்கிறார். அவர் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார்களாம்.

நானும் விற்கத்தான் வேண்டும். எங்கள் அலுவலகம் ஊரின் அந்தக் கோடிக்கு மாறிவிட்டது. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மகளைத் தூங்கும்போதுதான் பார்க்கிறேன். "அப்பா எப்படி இருப்பார்னே மறந்துபோச்சு" என்று அவள் அம்மாவிடம் சொல்கிறாளாம்.

கழிவுத் தொட்டியில் விரிசல் இருந்தது; ஆள் வைத்து அடைத்துவிட்டோம். மறுபடி ஒரு பாட்டில் அனுப்புகிறேன். மோட்டார் அறை, திங்கள் காலை.

ஞாயிறு உன் கையால் சாப்பிட்டது இன்னும் நாக்கில் இருக்கிறது.

அன்புத் தம்பி


ஏப்ரல் 8

சின்னவனுக்கு,

எல்லா அளவும் சரியாக இருக்கிறது. கையெழுத்திட்ட அறிக்கையை இணைத்திருக்கிறேன். ஒரு விரிசலை அடைத்ததற்கே இவ்வளவு பலன் என்றால் அந்த ஆளுக்கு மாலை போடலாம்.

அன்றைக்கு நீயாகவே தட்டைக் கழுவுகிறேன் என்று சமையலறைக்குள் போனாய். நம் வீட்டில் தட்டு கழுவாத ஒரே பிறவி நீதான். தம்பிக்கும் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாரம் முழுவதும் அந்த நினைப்பு நன்றாக இருந்தது.

அன்புடன்,
அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு விற்றுவிட்டது! இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். உன் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சம்மதித்தாள். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வந்துவிட்டோம். நேற்று மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லாம் உன்னால்தான்.

அன்புத் தம்பி


மே 19

சின்னவனுக்கு,

மூன்று முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை.

ஏழாம் மாதம் என்று படித்ததும் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, திங்கள்தோறும் என் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோவேன். ஒப்பீட்டுப் பாட்டில் என்போம். அன்றைய பக்கத்தில் அதன் எண்களும் உன் பாட்டிலின் எண்களும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. எல்லாம் ஒன்றேதான். ஊர்க் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின்கூட உன்னுடையதில் இருக்கிறது. ஆழ்குழாயில் யார் குளோரின் போடுகிறார்கள்?

தட்டைக் கழுவப் போனவன் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாய்.

பாட்டிலின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தேன், எண்களைப் பார்க்கவில்லை. அது என் தவறு. அறிக்கையை ரத்து செய்யப் போகிறேன். அதற்கு முன் நீயே அவர்களிடம் போய்ச் சொல்.

அக்கா


மே 24

அக்கா,

ஆமாம், நான்தான். எனக்கு விற்றவன் மட்டும் என்ன யோக்கியன்? இந்த ஊரில் எல்லோரும் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுத்தான் நகர்கிறார்கள். ரத்து செய்தால் அவர்கள் வழக்குப் போடுவார்கள், என் வேலை போகும். உனக்கென்று இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். யோசித்துச் செய்.


ஜூன் 6

தம்பிக்கு,

யோசித்தேன். மே 27 அன்று ரத்து செய்தேன். சரிபார்க்காமல் கையெழுத்திட்டதற்கு என்மேல் விசாரணை. நியாயம்தான். நீ போகவில்லை என்று தெரிந்ததும், ரத்து செய்யப் போவதாக உன் வீட்டை வாங்கியவர்களுக்கு அதற்கு முன்பே நானே விவரமாக எழுதியிருந்தேன்.

நேற்று அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். அந்த வயிற்றோடு, இரண்டு பேருந்து மாறி. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"மேடம், நாங்க கேன் தண்ணி வாங்கிக்கிறோம். அந்தப் பேப்பரை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க. நாங்களும் வித்துட்டுத்தானே வெளிய வரணும்?"

ரத்து செய்தாகிவிட்டது என்றேன்.

"ஒரு மாசம் பொறுத்திருக்கலாமே மேடம்."

"வாங்கறவங்க வீட்லயும் கைக்குழந்தை இருந்தா?"

"அது அவங்க பாத்துக்கட்டும்."

நீ பேசுவது போலவே இருந்தது. அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. உன்னை முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். நீ வர வேண்டாம்.

அந்தப் பெண் கிளம்பும்போது தாகமாக இருக்கிறது என்றாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். "இது நல்ல தண்ணிதானே மேடம்?"

இருபத்து மூன்று வருஷமாக இதே வேலை. ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அதற்குள் அவள் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அக்கா