கிழவி என்று நீ எழுதிய படம்

மகனுக்கு, முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன், அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், பெற்றவள் மானத்தைக் காற்றில் பறக்கவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு என்ன குறை. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனாலும் பட்டறையில் நின்றுகொண்டேதான் வெல்டிங் வைக்கிறார், சொன்னால் கேட்பதில்லை. உன் தங்கைக்கு ஷிப்ட் மாறிவிட்டது, சாப்பிடும்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தை அவள்தான் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். படத்தோட எடை குறைஞ்சாத்தாம்மா பக்கம் சீக்கிரம் திறக்கும், தேடினா மேல வரும் என்று சொல்லி நம் கடை வெப்சைட்டில் வீல்சேர் படங்களையெல்லாம் சக்கரம் எது கம்பி எது என்று தெரியாத அளவுக்கு நசுக்கி வைத்தாயே, அப்படி இதையும் நசுக்கிவிடாதே. ஒரு எழுத்து விடாமல் நீ படித்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு ஒரு வக்கீல் வந்தார், அவருக்குக் கண் பார்வை கிடையாது, குமாஸ்தா வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் காரை நிறுத்தப் போய்விட்டார். அடுத்த மாதம் இடுப்பில் ஆபரேஷனாம், ஆறு மாதம் கால் ஊன்றக் கூடாதாம், மனிதர் பயந்துபோயிருந்தார். நான்தான் அளவு எடுத்தேன், இடுப்பு அகலம், தொடை நீளம், முட்டியிலிருந்து குதிகால் வரை. எடுத்துக்கொண்டே, நானும் பதினோரு வருஷமா வீல்சேர்லதான் சார் இருக்கேன், இதுல உக்காந்துதான் கடைய நடத்தறேன், ஒண்ணும் கெட்டுப்போகல என்றேன். அவர் முகம் தெளிந்தது, சிரித்தார்கூட. அளவுகளை நான் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது, என்னென்ன மாடல் இருக்குன்னு பார்க்கிறேன் என்று போனில் நம் வெப்சைட்டைத் திறந்தார். அவர் போன் எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கும், படம் வந்தால் படத்துக்குப் பின்னால் நீ ஒளித்து எழுதியிருக்கிறாயே, அதையும் வாசிக்கும். வாசித்தது. நடக்க முடியாத கிழவி வீல்சேர், நோயாளிக் கிழவி வீல்சேர், படுத்த படுக்கைப் பாட்டி வீல்சேர், நம்பர் ஒன் வீல்சேர், வீல்சேர், வீல்சேர். போன தடவை நீ வந்தபோது மதியம் நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எடுத்த படம் அது, கையில் அளவு எடுக்கிற டேப் இருந்தது, கையோடு சேர்த்து அதையும் வெட்டி எறிந்துவிட்டாய், மிச்சம் இருப்பது வாயைத் திறந்து தூங்குகிற ஒரு பொம்பளை. எனக்கு ஐம்பத்தெட்டு வயதுடா. வக்கீல் போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, யாரும்மா அந்தப் பாட்டி, ரொம்ப முடியாதவங்களா என்று கேட்டார். யாரோ சார், எனக்குத் தெரியாது என்றேன். பதினோரு வருஷத்தில் யார் என்ன கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொன்னவள், அன்றைக்கு என்னையே எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

உனக்குப் போன் செய்தால், அது மனுஷங்களுக்கு இல்லம்மா, தேடற மிஷினுக்கு எழுதறது, யாரும் பார்க்க மாட்டாங்க என்கிறாய், அதோடு நிற்காமல், இப்ப முதல் பக்கத்துல வர்றோம் தெரியுமா என்று பெருமை வேறு. பார்க்க முடியாதவர்களுக்காகவே வைத்த இடமாம் அது, உன் தங்கை படித்துச் சொன்னாள், அங்கே கொண்டுபோய்க் குப்பையைக் கொட்டியிருக்கிறாய். அப்பா வழக்கம்போல, விடு, பையன் நல்லதுக்குத்தானே செஞ்சான் என்றார், அவரோடும் இரண்டு நாளாகப் பேச்சில்லை. நீ அங்கே நாள் முழுக்க உட்கார்ந்தபடியே வேலை பார்த்து முதுகு வலி என்கிறாயாம், மணிக்கு ஒரு தடவை எழுந்து நட, உனக்குத்தான் நடக்க முடியுமே.

வெள்ளிக்கிழமை அந்த வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வருகிறார். படத்தை எடுத்துவிடுகிறேன் என்று கிளம்பாதே, எடுத்தால் நான் ஓடி ஒளிந்ததாக ஆகும். வெட்டிய கையைத் திரும்ப ஒட்டு, டேப் தெரிய வேண்டும். பின்னால் இருக்கிற குப்பையை அள்ளிவிட்டு, ‘உங்களுக்கு அளவு எடுத்தவர் இவர்தான், மதியம் கொஞ்சம் தூங்கிவிட்டார்’ என்று எழுது, வேறு ஒரு சொல் சேர்க்காதே. தேடினால் நம் கடை கடைசிப் பக்கத்துக்குப் போனாலும் போகட்டும். வெள்ளிக்கிழமை நானே அவரிடம் அந்தப் பக்கத்தை மறுபடியும் திறக்கச் சொல்லப்போகிறேன், போன் சொல்லி முடிக்கும்வரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

நன்றாக இரு, கோபத்திலும் உனக்கு வேறு எதுவும் நினைக்க வரவில்லை. வியாழக்கிழமைக்குள் மாற்று, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா, அளவு எடுக்கிறவள்