பச்சைக்கு வராத தண்ணீர்

கோயமுத்தூர்,
6.5.96

அன்புள்ள நந்திதாவுக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். நானும் சங்கரும் சுகமாக இருக்கிறோம். கோபியில் அம்மாவின் கைச் சாப்பாட்டில் நீ கொஞ்சம் தேறியிருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் ஒவ்வொரு முறையும் உன் அம்மாதான் எடுக்கிறார்கள். "இப்பத்தானுங்க சம்பந்தி கண்ணசந்தா, எழுப்பட்டுங்களா?" என்கிறார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் நான் எந்த வேளையில் கூப்பிட்டாலும் நீ தூங்குகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் உன் மீன் தொட்டி. நீ காரில் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கி, "கேஸ மட்டும் பாத்துக்குங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்கு நீ பேசியது அது ஒன்றுதான். அதற்குக் கட்டுப்பட்டு ஒரு நாள் தவறாமல் செய்து வருகிறேன். நம் ஃபவுண்டரியில் மணல் அச்சை இறுக வைக்கும் கரியமிலவாயு சிலிண்டரை, தொட்டிச் செடிகளுக்கு உணவு என்று சொல்லி நீ கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, கெமிஸ்ட்ரி படித்த மருமகள் வந்தால் இப்படித்தான் என்று நினைத்தேன். செடிகள் தழைத்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் லைட்டைப் போட்ட பின் வால்வைத் திறக்கிறேன். குமிழிச் சீசாவில் நொடிக்கு ஒரு குமிழி வருகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறேன். லைட்டை அணைக்கும் முன்பே மூடிவிடுகிறேன். வெளிச்சம் இல்லாதபோது செடி வாயுவை எடுக்காது, மீனுக்குத்தான் மூச்சு முட்டும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. கரண்ட் போனால் மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன் வால்வுக்குத்தான் போகிறேன்.

சிக்கல் உன் சொட்டு மருந்தில் இருக்கிறது. தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து மருந்தை விட்டால் பச்சையாக வேண்டும். நீலம் என்றால் வாயு போதாது, மஞ்சள் என்றால் அதிகம், உடனே மூட வேண்டும். இப்படித்தானே சொன்னாய்? நீ இருந்தவரை பச்சை தவறியதே இல்லை. இப்போது நீலத்திலேயே நிற்கிறது. வால்வைக் கொஞ்சம் கூட்டினேன், நீலம். மறுபடியும் கூட்டினேன், அப்போதும் நீலம். குமிழி இப்போது எண்ண முடியாத வேகத்தில் போகிறது.

நான் எதையும் மாற்றவில்லை. சிறுவாணிக் குழாயில் தண்ணீர் எப்போதோதான் வருகிறது என்பதால் தொட்டிக்கு மட்டும் நம் போர்வெல் தண்ணீரைப் பிடித்து, வடிகட்டி, ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுகிறேன். குடிக்கவே சிறுவாணி இல்லாத நாளில் அதை மீனுக்குக் கொட்டினால் தெருவே என்னைப் பேசும்.

"மீனெல்லாம் மேலயே நிக்குதுங்கம்மா, வெய்யிலுக்குங்களா?" என்று மாரியாத்தாள் கேட்டாள். வீடு கூட்டுவதை விட்டுவிட்டு அவளுக்கு என்ன மீன் ஆராய்ச்சி என்று அனுப்பிவிட்டேன்.

இன்னும் கூட்டலாமா, வேண்டாமா? ஒரு கார்டில் ஒரு வரி போட்டால் போதும். எனக்கு மனது சரியில்லை. நீ ஒழுங்கு பண்ணி வைத்திருந்த மாடி அறையைத் திறந்து காற்றாட விடச் சொன்னேன். எதையும் இடம் மாற்றவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தை
தெய்வாத்தாள்


கோயமுத்தூர்,
12.5.96

அன்புள்ள நந்திதாவுக்கு,

உன் கார்டு வரவில்லை. இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து படி.

கருப்பி போய்விட்டது. உன் ஏஞ்சல் மீன் ஜோடியில் கருப்பு, வால் கிழிந்தது. மற்றவை இருக்கின்றன. வெள்ளை ஏஞ்சல் இருக்கிறது.

எழுதாதே என்று சங்கர் சொன்னான். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நடந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் குப்பியில் பச்சை வந்தது. எனக்கு எத்தனை சந்தோஷம் என்றால், ஃபவுண்டரிக்குப் போன் போட்டுச் சங்கரிடம் சொன்னேன். நான் ரிசீவரைக் கீழே வைப்பதற்குள் மாரியாத்தாள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்கம்மா, மூச்சு முட்டுதுங்க இதுகளுக்கு. வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க." போய்ப் பார்த்தேன். எல்லா மீனும் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக்கொண்டிருந்தது. கருப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்துகிடந்தது. என் கையில் குப்பி இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

வால்வை மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். மாரியாத்தாள் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப அதற்குள்ளேயே ஊற்றினாள். கலக்கினால் வாயு வெளியேறும் என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய். அவள் கை ஓய்ந்தபோது நான் ஊற்றினேன். புடவையெல்லாம் நனைந்துவிட்டது. சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வெள்ளை இறங்கியது. கருப்பி இறங்கவில்லை.

ஏன் என்று தெரியாமல் என்னால் உட்கார முடியவில்லை. மறுநாள் குழாயில் கொஞ்சம் சிறுவாணி வந்தது. ஒரு கண்ணாடித் தம்ளரில் அதையும் இன்னொன்றில் போர் தண்ணீரையும் எடுத்து, இரண்டிலும் மருந்தை விட்டேன். கான்வென்ட்டில் எங்கள் சயின்ஸ் சிஸ்டர் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதச் சொல்லிக் காட்டுவார். நாம் வெளியே விடும் மூச்சிலும் அதே வாயுதான். இளநீர் குடிக்கும் குழலை எடுத்து ஊதினேன். சிறுவாணி நாலைந்து மூச்சிலேயே மஞ்சளாகிவிட்டது. போர் தண்ணீரில் நெஞ்சு வலிக்கும்வரை ஊதியும் நீலம் லேசில் அசையவில்லை.

அப்போதுதான் புரிந்தது. சோப்பு நுரைக்காத அந்த உப்புத் தண்ணீர், எவ்வளவு வாயு கரைந்தாலும் நிறத்தில் காட்டிக்கொடுக்காது. உன் பச்சை சிறுவாணிக்கு உண்டான பச்சை. போர் தண்ணீரில் அதே பச்சை வர வேண்டுமென்றால் மீன் தாங்காத அளவுக்கு வாயுவை விட வேண்டும். நான் விட்டேன். குப்பியைத்தான் பார்த்தேன், மீனைப் பார்க்கவில்லை. பார்த்துச் சொன்னவளையும் விரட்டிவிட்டேன்.

இப்போது வால்வைத் திறப்பதில்லை. செடி இரண்டு இலை பழுத்தால் பழுக்கட்டும்.

இனி சங்கர் விஷயம். வியாழக்கிழமை சாயங்காலமே உக்கடத்து மீன் கடைக்குப் போய் ஒரு கருப்பு ஏஞ்சலைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்துவிட்டான். "அச்சு அசலா அதே மாதிரிதானுங்கம்மா இருக்குது. உட்டுப்போட்டா அவளுக்கு எங்க தெரியப்போகுது? இப்ப இருக்கற நெலமையில இதை வேற சொல்லோணுமா?" என்றான். உன் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. உன் பெயரைச் சொன்னாலே அவன் தட்டில் பாதிச் சோறு மீந்துவிடுகிறது.

நான் சம்மதிக்கவில்லை. கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கூடத்தில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். "வயசு கெடக்குது அம்மணி, அடுத்த வருசமே இன்னொன்னு கையில இருக்கும்." நீ தொட்டிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். காப்பித் தட்டோடு நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஒன்று போன இடத்தில் அதே மாதிரி இன்னொன்றை விட்டுவிட்டு எதுவும் நடக்கவில்லை என்று உனக்குக் காட்ட என்னால் ஆகாது.

வெள்ளை ஏஞ்சல் இரை எடுப்பதில்லை. கண்ணாடி மூலையிலேயே நிற்கிறது. ஜோடி வாங்கி விட்டால் சரியாகிவிடும் என்கிறாள் மாரியாத்தாள். நான் வேண்டாம் என்றேன். அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சாப்பிடட்டும். அதுவரை யாரும் கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உனக்கு என் மேல் கோபம் வந்தால் அதையும் எழுது.

இப்படிக்கு,
உன் அத்தை
தெய்வாத்தாள்


கோயமுத்தூர்,
18.5.96

என் கண்ணு நந்திதாவுக்கு,

உன் கார்டு வந்தது. திட்டியிருப்பாய் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய், கருப்பியை எங்கே புதைத்தீர்கள் என்று.

பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், நித்தியமல்லிக் கொடிக்குக் கீழே. மாரியாத்தாள் குழி எடுத்தாள். நான் என் கையால் வாழை இலையில் வைத்து மூடினேன். நாய் கிளறாமலிருக்க மேலே ஒரு கல் வைத்திருக்கிறேன். நீ தேட வேண்டியதில்லை, வந்ததும் தெரியும்.

கார்டைச் சங்கரிடம் காட்டினேன். படித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அந்தக் கல்லைச் சரியாக வைத்துவிட்டு வந்தான்.

நந்திதா, நீ கேட்காத ஒன்றும் அந்த வரியில் இருக்கிறது. அன்றைக்கு நீ மயக்கத்தில் இருந்தாய். குழந்தையை ஆம்பிளைகள் கொண்டுபோனார்கள். பெற்றவளுக்குக் காட்டக் கூடாது, சொல்லக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். சங்கருக்குச் சொல்ல வாய் வரவில்லை. உன் அம்மாவுக்கு இடம் தெரியாது. எனக்குத் தெரியும். நம் தோட்டத்தில், தென்னை வரிசை முடிகிற இடத்தில், வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கம். நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நீ என்றைக்குச் சொல்கிறாயோ அன்றைக்கு உன்னைக் கூட்டிப் போகிறேன். யார் என்ன சொன்னாலும் நான் பக்கத்தில் நிற்பேன்.

வெள்ளை நேற்று ஒரு துளி இரை எடுத்தது. இன்று எடுக்கவில்லை. வருகிற சிறுவாணியில் தினம் ஒரு குடத்தைத் தொட்டிக்கென்று மூடிவைக்கிறேன். தெரு பேசினால் பேசட்டும். வால்வை மட்டும் நான் இனித் தொட மாட்டேன். அதை நீதான் திறக்க வேண்டும்.

உன்னைக் கொடுமுடியான் காப்பாற்றட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். உனக்குத் தெம்பு வந்ததும் ஒரு வார்த்தை எழுது, நானே காரை எடுத்துக்கொண்டு வாரேன்.

உன் அத்தை
தெய்வாத்தாள்