யாருக்காவது ஒத்துக்கொண்டதா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அண்ணி பக்கத்தில் இருப்பாள் என்றுதான் உன் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். பதறாதே, இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

நம் தம்பி சின்னவனைப் பற்றி உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு வேகம் வந்தது. தூக்கமே கிடையாது. ஓயாத பேச்சு. லிஃப்ட் பழுதுபார்க்கப் போன கட்டடத்தில், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே அதை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டு, கம்பிக் கயிறு பாடுகிறது, பேசாமல் கேளுங்கள் என்றானாம். எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கொஞ்ச நாள் பழைய சின்னவனாகவே இருந்தான். அதற்கப்புறம் அப்படியே அணைந்துபோனான். பல் தேய்க்கக்கூட எழுப்பிவிட வேண்டியிருந்தது.

போன மாதம் மேஸ்திரி கட்டாயப்படுத்தி வேலைக்கு அழைத்துப் போனார். கதவு திறந்திருந்த லிஃப்ட் குழியின் விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தவனை அவர்தான் பெல்ட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஸ்பேனர் விழுந்துவிட்டது, அதைத்தான் பார்த்தேன் என்கிறான் இவன். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்பேனர் அவன் கையிலதாம்மா இருந்துச்சு" என்றார்.

மனநல மருத்துவரிடம் போனோம். வேகமும் சோர்வும் ஒரே நோயின் இரண்டு முகம் என்றார் அந்த அம்மா. லித்தியம் என்று ஒரு மருந்து, ஒருவகை உப்பாம். சிலரை அது முழுதாகத் தூக்கி நிறுத்திவிடுமாம், சிலருக்கு ஒன்றுமே செய்யாதாம். இவன் எந்த ரகம் என்று சொல்ல என்ன பரிசோதனை என்று கேட்டேன். என் மூக்குக்கண்ணாடிக் கடையில் தாடையை மெஷினில் வைத்தால் பவர் நம்பராக வந்து விழுகிறதே, அதுபோல நினைத்துக்கொண்டேன். "அப்படி ஒரு மெஷின் இருந்தா நானும் நிம்மதியா இருப்பேன்" என்றார். ரத்தத்தில், மரபணுவில், மூளைப் படத்தில் எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு தனி ஆளைப் பார்த்து உறுதியாகச் சொல்கிற அளவுக்கு எதுவும் இன்னும் கைக்கு வரவில்லையாம். இப்போதைக்கு இருப்பவை சில அடையாளங்கள்தான். நோய் எந்த வரிசையில் வருகிறது, நடுவில் தெளிவான இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அதைவிட முக்கியமாக, ரத்த உறவில் யாருக்காவது இதே மருந்து ஒத்துக்கொண்டிருந்தால் இவனுக்கும் கேட்க வாய்ப்பு அதிகமாம். ஒருத்தர் விழுங்கியதற்கும் இன்னொருத்தர் குணமாவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பாதிதான் புரிந்தது.

"வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி வந்துச்சா?" என்று கேட்டார். அம்மா உடனே, "பெரியவனுக்கு" என்று ஆரம்பித்தாள். அப்பா, "அது மஞ்சக்காமாலை" என்று வெட்டிவிட்டார். பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வந்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவைத் தனியாகக் கேட்டால் டைஃபாய்டு என்கிறாள். பஸ்ஸில் வருவதற்குள் நோய் மாறிவிட்டது.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நீ பயிற்சிக்குப் போயிருக்கிறாய் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். உடம்பு ஊதித் திரும்பி வந்தாய், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாய். என்ன பயிற்சி என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

எதை நம்புவது என்று தலை சுற்றுகிறது. எனக்கு நீ எதுவும் சொல்ல வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் அந்த டாக்டரிடம் மட்டும் சொல். நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். ஒன்றுமில்லை என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னை மன்னித்துவிடு.

அன்புடன்,
தங்கை

---

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் வரவில்லை. ஆனால் டாக்டர் கூப்பிட்டார். "வேண்டிய தகவல் கிடைச்சிருச்சு. கிட்னி, தைராய்டு ரெண்டும் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்" என்றார். யார் சொன்னது என்றேன். "அத நான் சொல்லக் கூடாதும்மா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மாத்திரை வந்ததும் சின்னவன், "என்னை மந்தமாக்கப் பாக்குறீங்க" என்று வாஷ்பேசினில் துப்பிக்கொண்டிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் அவனுக்கு ஒரு போன் வந்தது. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் கேட்காமலே கையை நீட்டினான். யார் என்று கேட்டதற்கு, "சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்" என்றான். அன்றிலிருந்து துப்பவில்லை.

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்க்கிறார்கள். கை லேசாக நடுங்குகிறது. நிறையத் தண்ணீர் குடிக்கிறான். இரண்டும் மருந்தின் வேலைதானாம். அவன் சொம்பை அண்ணாந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த அப்பா, டிவியை அணைத்துவிட்டு, "பெரியவனும் இப்படித்தான் குடிப்பான்" என்றார். மஞ்சள்காமாலையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

சின்னவன் வேலைக்குப் போகிறான். மேஸ்திரி அவனைக் குழிப் பக்கம் விடாமல் பட்டறையிலேயே வைத்திருக்கிறார். நேற்று அப்பா சொன்ன அசட்டு ஜோக்குக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். உடனே நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், இது சாதாரணச் சிரிப்பா, பழைய வேகமா என்று. அவனும் அதைப் பார்த்துவிட்டான். "சிரிக்கக்கூட விட மாட்டீங்களா" என்றான். மருந்து கேட்கிறதா, இல்லை வழக்கமாக நடுவில் வரும் நல்ல நாட்களா என்று டாக்டரைக் கேட்டேன். ஒரு வருஷமாவது போனால்தான் சொல்ல முடியும் என்கிறார். அதுவரை இப்படித்தான், சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியாமல்.

லீவு கிடைத்தால் குடும்பத்தோடு வா. அண்ணியிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். எங்கள் வாயிலிருந்து வராது. ஆனால் அவள் தாங்கமாட்டாள் என்று நீயாக முடிவு கட்டிவிடாதே.

உன்னைவிடச் சின்னவள் நான், ஆசி சொல்லும் வயதில்லை. ஆனாலும் நன்றாக இரு அண்ணா. இத்தனை வருஷமும் நன்றாக இருக்க நீ ஒருவனாகவே பாடுபட்டிருக்கிறாய். இனி ஒருவனாக வேண்டாம்.

உன்
தங்கை