ராஜினாமாவில் என் கையெழுத்து
ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று எங்கள் உப்புக் கம்பெனி முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருட வேலையில் இது இரண்டாவது டீ. முதல் டீக்கு அவர் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி பரிமாறினேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"ஏலே, ஒரு சின்னக் கையெழுத்து. இன்னைக்கு ராஜினாமா பண்ணுத. ஒண்ணாந்தேதி என் தம்பி கம்பெனியில புதுசாச் சேருத. வேலையில்லாதவனை எடுத்தா வரியில சலுகை உண்டுன்னு ஆடிட்டர் சொல்லுதாரு. ஒனக்கு அதே நாற்காலி, அதே வேலை."

கடிதம் தயாராக இருந்தது. வழுக்கைத் தலையும் சாயம் பூசிய மீசையுமாக நான் புதிய பணியாளனாம்.

"என் இருபத்திரண்டு வருச சர்வீசு, அதுக்கு வர வேண்டிய பணம் எல்லாம் என்னாவும் அண்ணாச்சி?"

"அதெல்லாம் பாத்துக்கிடலாம்ல."

பாத்துக்கிடலாம் என்று அவர் சொன்ன எதையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"நெசமாவே வேலையில்லாத ஆளு வேணும்னா, அளத்துல உப்பு வாருத மாரியம்மா இருக்கா. மழைக்கு அளத்தை மூடுனதுல இருந்து வீட்டுலதான் கெடக்கா. பாக்கெட் போட அவளை எடுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுலே."

"யோசிச்சாச்சு."

கடிதத்தை அவர் பக்கமே தள்ளிவைத்தேன். டீயை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

திரும்பும் வழியில் மாரியம்மாவை நாளை காலை எட்டு மணிக்கு ஆதார் அட்டையோடு கம்பெனிக்கு வரச் சொன்னேன்.

"மொதலாளி கூப்பிட்டாராண்ணே?"

"நான் கூப்பிடுதேன்."

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. முதலாளி என்னைத் துரத்தட்டும்; நானாகப் போனேன் என்று மட்டும் எழுதித் தர மாட்டேன்.