சுடலைக்கண்ணு பேரை எடுக்காதே

கரமனை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மகன் பிரவின்ராஜுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவின் முட்டுவலியும் அவளை விட்டுப் போகாமல் சுகமாகவே இருக்கிறது, டப்ளின் குளிரில் நீ சளிப் பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அம்மா வாயால் நீ கேட்பதைவிட அது கொஞ்சம் கௌரவம். கட்டட வேலைக்கு ஆள் பிடித்துக்கொடுக்கிற உன் ‘கைவேலை’ ஆப்பில் ஆள் கூடட்டும் என்று நானும் டைல்ஸ் பணிக்காரன் என்று பேர் கொடுத்து, காலையில் ‘வந்துட்டேன்’ பொத்தானை அமுக்கிவைத்தேன். அமுக்கினவனைத்தான் காண்ட்ராக்டர் வேலைக்குக் கூப்பிடுவான் என்று தெரியும், ஆனாலும் லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற கிழவனை யார் கூப்பிடப்போகிறார்கள் என்ற தைரியம். பேரூர்க்கடையிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, குளிமுறியில் டைல்ஸ் ஒட்டணும், சேட்டன் இப்பத்தன்னே வருமோ என்றார். காய்ச்சல் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் எனக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். ஒட்டாத டைல்ஸுக்கு அதுவே அதிகம் என்கிறாள் உன் அம்மா.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். தம்பானூரில் சேர்ந்த ஆட்களில் பாதிக்குமேல் ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள், காரணம் விசாரியுங்கள், ஆட்கள் தங்காவிட்டால் பணம் போட வந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்று சொன்னாய். உன் குரலே சரியில்லை, தூங்குகிறாயா இல்லையா. கூடவே, ஒருத்தர் மட்டும் எல்லாரையும்விட ஒழுங்காக வருகிறார், அவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், விளம்பரத்தில் போடணும் என்று பேரையும் சொன்னாய். கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ சொன்ன சுடலைக்கண்ணு எலிக்காய்ச்சலில் செத்துப் பதினாறும் கழிந்துவிட்டது மக்கா. தைக்காட்டுச் சுடுகாட்டுக்கு நானும் போயிருந்தேன், அவன் வேகும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் தம்பானூரில் ஆட்கள் வேலைக்குக் காத்து நிற்கிற இடத்துக்குப் போனேன். மேஸ்திரி சத்தியதாஸைத் தெரியுமல்லவா, களியக்காவிளைக்காரன், அவன் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டான். ஒருவன் வந்துவிட்டான் என்று கேட்டால் மற்றவனும் வருவான் என்று நீ ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறாயே, அதனால் தினமும் காலையில் எல்லார் போனும் ‘சுடலைக்கண்ணு வந்துவிட்டார், நீங்கள்?’ என்று சத்தமாகக் கேட்கிறது. சாரத்தில் ஏறுவதற்கு முன் செத்தவன் பேரைச் சொல்லக் கூடாது என்பது இவர்கள் வழக்கம், பேர் கேட்டால் அவன் பின்னாலேயே ஏறிவருவான் என்று பயம். சத்தியதாஸ் என்னிடம், அண்ணாச்சி, நாங்க வாயப் பொத்திக்கிட்டு நிக்கோம், உங்க மவன் வெளிநாட்டுல இருந்துக்கிட்டு பத்து போன்ல அவனக் கூப்பிடுகான், மேல ஏறுனவன் சாரத்தப் பாப்பானா, பின்னால வாறது ஆருன்னு பாப்பானா என்று கேட்டான். நான் ஈ என்று இளித்தேன்.

அங்கிருந்து சாலைத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற சுடலைக்கண்ணுவின் ஒற்றை முறி வீட்டுக்குப் போனேன். பொத்தானை அமுக்குவது அவன் பெண்சாதி கலைச்செல்வி. சிமெண்ட் தின்ற விரலுக்குப் போன் கேட்காது, அதனால் அவன் இருக்கும்போதும் அவள்தான் அமுக்கிக்கொடுப்பாள். அவன் போனபிறகு போன் பேச்சில்லாமல் மூலையில் கிடந்திருக்கிறது. ஒரு காலை அதுவாகவே, ‘சுடலைக்கண்ணு, உங்களைக் காணோமே, எங்கே போனீர்கள்?’ என்று கேட்டதாம். வராமல் போனவர்களைத் திரும்ப இழுக்க நீ எழுதின வரி. எனக்கு வாசித்துக் காட்டியபோது பிரமாதம் என்று சொன்னவன் நான். அவள் சொன்னாள், வீட்ல ஒருத்தரும் அவுக பேரச் சொல்லுதது இல்ல அண்ணாச்சி, இது ஒண்ணுதான் தேடிச்சு, நான் என்ன பதில் சொல்ல, வந்துட்டேன்னு அமுக்கிட்டேன். அதிலிருந்து தினமும் அமுக்குகிறாள். காண்ட்ராக்டர் யாராவது கூப்பிட்டால், அவுக வேற சைட்ல நிக்காவ என்கிறாள். நான் இருக்கும்போதே ஒரு போன் வந்தது. அதையே சொல்லும்போது அவள் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. புறப்படும்போது, உங்க மவன்ட்டச் சொல்லி அவுக பேர எடுத்துராதிய என்று போனை முந்தானையில் பொதிந்து பிடித்துக்கொண்டாள்.

ஆகையால் ஆட்களைத் திரும்ப இழுக்க ரீசார்ஜ், பரிசு என்று ஒன்றும் அறிவிக்காதே. ஊருக்கெல்லாம் பேர் கூவுவதை நிறுத்து, அவனவன் பேர் அவனவன் போனில் மட்டும் கேட்கட்டும். அப்படிச் செய்தால் ஆட்களைத் திரும்பச் சேர்க்கத் தானே நிற்பதாக சத்தியதாஸ் சொல்கிறான். சுடலைக்கண்ணு பேரை எடுக்காதே. காண்ட்ராக்டர்கள் கண்ணில் மட்டும் படாமல் வை, பணம் போடுகிறவர்களிடம் ஆள் எண்ணிக்கை சொல்லும்போது அவனைக் கழித்துவிட்டுச் சொல். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எனக்குத் தெரியாது, பத்தாம் கிளாஸில் தோற்றவன் எஞ்சினீயருக்கு வழி சொல்கிறேன், சிரிக்காதே. அவளாகவே அமுக்காமல் விடுகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு அந்த ‘எங்கே போனீர்கள்’ மட்டும் அவளுக்குப் போகவே கூடாது.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட மறக்காதே. எடுத்த காரியம் உன் கையில் நிலைக்கட்டும், தீர்க்காயுசாக இரு.

உன் அப்பா,
ஆறுமுகநயினார்.

பி.கு. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. இன்று காலையும் தம்பானூரில் போய் நின்றேன், நல்ல மழை. ஆப்பை இன்னும் எடுக்காத இரண்டொருவர் போனில் அந்தப் பேர் வந்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுவரோரம் கூரைக்கடியில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது, எல்லாரும் நனைந்தார்களே தவிர ஒருவரும் அங்கே ஒதுங்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பினேன். வாடே சுடலை, இப்பதான் வாறியா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் சாரத்தில் ஏறப்போகிறவர்கள். விழுங்கிவிட்டேன்.