இருபத்து மூன்றாவது லைட்

இன்று காலை உன் காரில் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். முன்சீட்டில் இடப்பக்கம் என் வீட்டுக்காரர். பின்னால் உன் மகன். ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை. நான் அந்தக் கதவைத் திறந்து பிடித்தபடி வெளியே நின்றேன். வேறு யாரும் இல்லை.

கதவைத் திறந்ததும் பாண்டான் இலை வாசம். கரப்பான் அண்டாது என்று வாரம் தவறாமல் நீ மாற்றி வைக்கும் கட்டு, சீட்டுக்கு அடியில் காய்ந்து சுருண்டு கிடக்கிறது. நீ போய் நாற்பத்தொரு நாள். இலை காய்ந்தும் வாசம் போகவில்லை.

"உட்காருங்க சின்னம்மா, கார் கடிக்காது லா," என்றான் உன் மகன்.

"அவ உட்கார மாட்டா தம்பி. சாமி பீடத்தப் பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறா," என்றார் இவர்.

"செவ்வாக்கிழம லைசென்ஸ் டெஸ்ட்டு பாஸ் பண்ணிட்டா கார் உங்களுக்குத்தான். இல்லேன்னா வெள்ளிக்கிழம நான் ஜோகூருக்கு எடுத்துட்டுப் போயிடுறேன். சும்மா நின்னா கெட்டுப் போயிடும்."

பிள்ளை சொல்வதில் தவறில்லை. இவருக்கு இரத்தம் சுத்தம் செய்ய வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்குப் போக வேண்டும். இரண்டு வருடம் நீதான் ஏற்றிப் போனாய், ஏற்றி வந்தாய். நீ போன பிறகு வேன்காரர் வருகிறார். அவரும் இந்த மாதக் கடைசியோடு நிறுத்துகிறாராம். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும். ஊசி எடுத்த பிறகு இவரால் பத்து நிமிடம் நிற்க முடியாது. ஆகவே செவ்வாய்க்கிழமை நான் தேறியே ஆக வேண்டும். போன தடவை தேறவில்லை என்பது உனக்குத் தெரியும். அன்று அழுதுகொண்டு வந்த என்னை வீட்டில் இறக்கிவிட்டவளே நீதான்.

உன் மகன் காரின் முன்பெட்டியைத் திறந்து நம்முடைய லைட் நோட்டை எடுத்துக் கொடுத்தான். "இது என்ன சின்னம்மா, கணக்கா?" என்று கேட்டான். ஆமாம், கணக்குத்தான் என்றேன்.

அந்த நோட்டு எப்படி ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? இவருக்கு மெஷினை நிறுத்திய நேரம். நர்ஸ் பிள்ளை இங்கிலீஷில், 'லைட்-ஹெடட்'டாக இருக்கிறதா என்று கேட்டது. நாம் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நீதான் வாயைத் திறந்தாய்.

"தலையில லைட்டா? அது தோட்டத்தோட போச்சே மிஸ்ஸி!"

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் நாம். நமக்கு வேறு என்ன தோன்றும்? அந்தப் பிள்ளையும் தமிழ்ப்பிள்ளைதான். சிரித்து முடித்துவிட்டு, தலை கிறுகிறுக்கிறதா என்று கேட்டேன் ஆன்ட்டி என்றது. காரில் ஏறியதும் நீ சிரிக்கவில்லை. "வெளங்காமலே எத்தன நாளைக்குப் புள்ள தலையாட்டிக்கிட்டு இருக்கிறது? இந்த ஒரு சொல்லு எங்கெங்க குடியிருக்குதுன்னு பாத்திடுவோம்," என்றாய்.

வீட்டுக்கு வந்ததும் நான் நோட்டில் நான்கு கோடு போட்டேன். கேட்டது, சொன்னது யார், எங்கே, என்ன அர்த்தம். இவர் மெஷினில் கிடக்கும் நான்கு மணி நேரமும் வெளி நாற்காலியில் நமக்கு அதுதான் வேலை. லைட்டைச் சாத்து. லைட் பில். சேலைக்கடையில் லைட் பச்சை. ரோட்டில் லைட்டுக்கிட்ட லெப்ட்டு. லைட்டாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, 'என் கூட்டாளி சமைப்பதைச் சாப்பிடாதே' என்று நீ அர்த்தம் எழுதி வைத்திருக்கிறாய். படுபாவி.

விளக்கேற்றுவதற்கும் அதே சொல்தான் என்று தெரிந்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. குத்துவிளக்குக்கும் கரண்டு பில்லுக்கும் ஒரே சொல்லா என்று கேட்டேன். "சாமிக்குக் கோவமில்ல, ஒனக்குத்தான்," என்றாய். அந்த வரிக்கு மட்டும் நான் குங்குமம் வைத்தேன். இன்னும் அழியாமல் இருக்கிறது.

கடைசி வரி, இருபத்திரண்டாவது, உன் கையெழுத்து. நர்ஸ் சொன்ன 'லைட் ஸ்லீப்'. அர்த்தம்: 'மேலோட்டமான தூக்கம். கூப்பிட்டால் முழித்துக்கொள்வார்கள்.' அதை எழுதி நான்காம் நாள் மார்க்கெட்டில் மீன் பார்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே என்மேல் சாய்ந்தாய். நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்.

சரி. செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

போன வாரம் பழகப் போனேன். பழக்கிவிடுகிற சீனர் பொறுமைசாலிதான், ஆனால் என்னிடம் அவருக்கும் தீர்ந்துவிட்டது. "ஆன்ட்டி, லைட் ஹேண்ட் லா! ஸ்டியரிங் ஓடிப் போகாது!" மேடு ஏறும் இடத்தில்தான் எனக்கு எப்போதும் கை இறுகும். போன தடவை டெஸ்ட்டில் நான் கம்பத்தில் இடித்ததும் அப்படித்தான். அன்று வீடு திரும்பும் வழியில் நீ சொன்னது அப்போது நினைவில் வந்து நின்றது.

"பட்ட சீவுன கை எங்க புள்ள போச்சு? கங்காணி மரம் மரமாத் தேடியும் ஒன் நிரையில ஒரு காயம் கண்டுபிடிக்க முடியலையே. அந்தக் கத்திய இப்பிடியா கழுத்த நெரிச்சுப் புடிச்ச?"

அன்று எனக்குக் கோபம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். போன வாரம் அந்த மேட்டில் கத்தியை நினைத்தேன். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் வராது. விரலில் மட்டும் பிடி, மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கார் ஏறியது, மஞ்சள் கோட்டில் நின்றது, ஓரங்குலம் பின்னால் உருளவில்லை.

"ஐயோ ஆன்ட்டி! இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் அவர்.

"என் கூட்டாளி."

"டெஸ்ட்டுக்கும் கூட்டிட்டு வா லா!"

இன்று மத்தியானம் இருபத்து மூன்றாவது வரியை எழுதினேன். லைட் ஹேண்ட். சொன்னவர் சீனர். இடம், மேடு. அர்த்தம்: 'பட்டை சீவுகிற கை. என் கூட்டாளி முதலிலேயே சொன்னது.'

செவ்வாய்க்கிழமை நான் தேறுவேன். அன்று தேறாவிட்டால் இன்னொரு செவ்வாய் வரும், போவேன். உன் மகனிடமும் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை நீ பஸ்ஸில் போ, சாவி இங்கேயே இருக்கட்டும் என்று. "அம்மா மாதிரியே பேசுறீங்க," என்றான்.

நான் காலையில் உட்காராததற்குக் காரணம் பயமில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை. நீ நெட்டை, நான் குட்டை. சீட்டு இன்னும் உன் கால் அளவில் நிற்கிறது. அதை முன்னால் இழுக்காமல் எனக்கு பிரேக் எட்டாது. ஒரு தடவை இழுத்துவிட்டால் உன் அளவு எதுவென்று பிறகு யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அமாவாசை. மதில்மேல் சோறும் உனக்குப் பிடித்த நெத்திலி சம்பலும் வைத்துக் கூப்பிடுவேன். எப்போதும் போல என்னைக் காக்க வைக்காதே.

சீட்டை இழுத்துக்கொள்ளட்டுமா? சீக்கிரம் வந்து பதில் சொல்லு.